எமது இளவேனில் எது?
சித்திரைச் சடங்குகளும் ஈழத்துத் தமிழ் எழுத்தும்: ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துச் சித்திரை வருடப்பிறப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவானவை அல்ல. புத்தாண்டு மலர்கள், கல்லூரிச் சஞ்சிகைகள், பத்திரிகைச் சிறப்பிதழ்கள் ஆகியவற்றில் ஆண்டுதோறும் வெளிவரும் கவிதைகளையும் கட்டுரைகளையும் ஒருசேர வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இளவேனிலையே பாடுகின்றன. தென்றல் வீசுகிறது, மாந்தளிர் துளிர்க்கிறது, வண்டு முரல்கிறது, மன்மதன் கருப்புவில்லை வளைக்கிறான். இவ்விளவேனில் மதுரைக்கும் உச்சயினிக்கும் எவ்வளவு உரியதோ அவ்வளவே சுன்னாகத்துக்கும் சாவகச்சேரிக்கும் உரியதாகக் காட்டப்படுகிறது. ஆனால் சித்திரை மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் ஒருவன் தன் உடம்பால் அறியும் பருவம் இதுதானா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவை எழுப்புவதும், எழுத்து மரபு காணத் தவறியதை நாட்டார் வழக்காறு எவ்வாறு கண்டுள்ளது என்பதை ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பருவமும் பஞ்சாங்கமும்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த மண்ணும், அக்கல்லினுள் தேங்கும் நிலத்தடி நீரும், வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை தரும் மழையுமே அதன் செல்வம். மானாவாரி நெல் ஆவணி, புரட்டாதியில் விதைக்கப்பட்டுத் தை, மாசியில் அறுவடையாகும். ஆகவே சித்திரை பிறக்கும்போது வயல் வெறும் அரிதாள் நிலமாகக் கிடக்கும். கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். வடகீழ்க் காற்று ஓய்ந்து, சோளகம் எழாத இடைக்காலமாதலால் காற்றும் அசையாது. பனை மட்டுமே இக்காலத்தில் வஞ்சனையின்றிக் கொடுக்கும். கருப்பநீரும் நுங்கும் வேனிலின் கொடைகள்.

இப்பருவத்தை வானியல் நோக்கில் காணும்போது மற்றுமோர் உண்மை வெளிப்படுகிறது. சூரியன் மேட ராசியிற் புகும் நாளை வருடப்பிறப்பென்கிறோம். அதனையொட்டிய வேளையை விஷு புண்ணியகாலம் என்கிறோம். விஷு என்பது பகலும் இரவும் ஒத்த நாளைக் குறிக்கும் வடசொல்வழிப் பிறந்தது. ஆனால் அவ்வொப்பு நாள் மார்ச் 20 அல்லது 21 இல் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் மேடப் பிரவேசம் அதிலிருந்து ஏறத்தாழ 24 நாட்கள் விலகி ஏப்பிரில் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. பெயர் பழைய நாளை நினைவில் வைத்திருக்கிறது, நாளோ இடம்பெயர்ந்துவிட்டது. எனினும் யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இவ்விடப்பெயர்வு ஒரு புதுப்பொருத்தத்தைத் தந்துள்ளது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் அமைந்துள்ளது. சூரியன் இவ்வகலக்கோட்டுக்கு நேர்மேலே வருவது வருடப்பிறப்பையொட்டிய ஓரிரு நாட்களிலேயே ஆகும். அந்நாட்களின் உச்சிப்பொழுதில் நட்டுவைத்த கோலுக்கு நிழலில்லை. எமது புத்தாண்டு உண்மையில் நிழலற்ற நண்பகலின் விழாவாகும்.

தொல்காப்பியர் நண்பகலையும் வேனிலையும் பாலைக்கு உரிய பொழுதுகளாகக் கூறுவர். அவர் காட்டும் பெரும்பொழுதுகள் ஆறும் காரையே முதலாகக் கொண்டுள்ளன என்பதும், ஆவணியே ஆண்டின் தொடக்கம் என்று நச்சினார்க்கினியர் கருதினார் என்பதும் அறிஞர் அறிந்தவை. சங்கச் செய்யுட்களில் இளவேனில் பெரும்பாலும் களிப்பின் பருவமன்று. பொருள்வயிற் பிரிந்தவன் மீள்வதாகச் சொன்ன பருவம் வந்தும் அவன் வாராமையால் தலைவி வருந்தும் பருவம். சிலப்பதிகாரத்திலும் வேனிற்காதை பிரிவின் காதையே. ஆகவே வேனிலின் வெம்மையையும் அதன் துயரையும் அறியாத மொழியன்று தமிழ். பிற்காலத்தில் அணியிலக்கண நெறியில் இறுகிய வசந்த வருணனையே எமது புத்தாண்டுக் கவிதையின் அச்சாக அமைந்துவிட்டது.

இங்கு ஒரு நியாயத்தை மறுத்தலாகாது. குயில் பொய்யன்று. பங்குனியிலும் சித்திரையிலும் குடாநாட்டில் குயில் கூவத்தான் செய்கிறது. சிங்கள மக்களும் குயிலோசையையும் முள்முருக்கின் செம்பூவையும் புத்தாண்டின் அறிகுறிகளாகக் கொள்வர். குறை குயிலைப் பாடியதில் இல்லை. குயிலைப் பாடி, கிணற்றைப் பாடாது விட்டதிலேயே உள்ளது.

2. சடங்குகள் சொல்வது என்ன?

எழுத்து பாடாது விட்டதைச் சடங்கு செய்து காட்டுகிறது. வருடப்பிறப்பில் முதற்செயல் மருத்துநீர் தேய்த்து முழுகுதல். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு முதலியவற்றோடு பால், மஞ்சள், மிளகு, சுக்கு, திப்பிலி போன்றவையும் சேர்த்துக் காய்ச்சப்படும் இந்நீர், தலையிலும் காலிலும் பஞ்சாங்கம் விதித்த இலைகளை வைத்துக்கொண்டு தேய்க்கப்படுகிறது. கொக்குவிலிலிருந்து வரும் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவிலிலிருந்து வரும் திருக்கணித பஞ்சாங்கமும் பிறப்பு நேரத்தில் வேறுபடலாம். மருத்துநீரின் தேவையில் வேறுபடுவதில்லை. அதனையடுத்துக் கைவிசேஷம், பெரியோரை வணங்குதல், நாளேர் பூட்டுதல், ஊஞ்சல், போர்த்தேங்காய், மாட்டுவண்டிச் சவாரி என விழா விரிகிறது.

இதனைத் தனியொரு நாளின் விழாவாக நோக்குவது போதாது. பங்குனித் திங்கள் தொடக்கம் வைகாசி விசாகம் வரை நீளும் ஒரு சடங்குத் தொடரின் நடுக்கண்ணியாக நோக்குதல் வேண்டும். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பெண்கள் திரளாகப் பொங்கலிடுகின்றனர். சித்திரைப் பூரணையில் கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்பட்டுக் கஞ்சி வார்க்கப்படுகிறது. தாயை இழந்தோர் அன்று விரதம் காக்கின்றனர். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும், கீழ்மாகாணத்துக் கண்ணகி கோயில்களில் குளிர்த்திச் சடங்கும் நிகழ்கின்றன. குளிர்த்தி என்னும் சொல்லே இத்தொடர் முழுவதற்கும் திறவுகோல் எனலாம். அம்மை நோய் பரவும் வெப்பகாலத்தில், மதுரையை எரித்த தெய்வத்தின் சினத்தைத் தணித்து உடலையும் ஊரையும் குளிர்விக்கும் வேண்டுதலே மருத்துநீரிலும் பொங்கலிலும் கஞ்சியிலும் பல உருவங்களில் மீள மீள வருகிறது. எமது வேனிற் சடங்குகள் மலர்ச்சியைக் கொண்டாடுவதிலும் பார்க்க வெம்மையைத் தணிப்பதிலேயே கருத்தூன்றியுள்ளன.

3. ஓர் ஒப்பீடும் அதன் எல்லையும்

இம்முடிபு எவ்வளவு உறுதியானது என்பதைச் சோதிப்பதற்கு, வேனிலை வேறொரு நிலையில் எதிர்கொள்ளும் மக்களின் வழக்காறு ஒன்றோடு அதனை ஒப்பிடுதல் பயன் தரும். பால்டிக் கடலோரத்து லாத்விய நாடு ஏறத்தாழ 57 ஆம் வட அகலக்கோட்டில் உள்ளது. அங்கு பகலும் இரவும் ஒத்து, பகல் மேலோங்கத் தொடங்கும் காலத்து விழா 'லீல்தியெனாஸ்' எனப்படும். 'பெரிய நாட்கள்' என்பது அதன் பொருள். கிறித்தவத்தின் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. அவ்விழாவிலே அதிகாலையில் ஓடும் நீரில் முகங்கழுவுவர். ஊஞ்சல் கட்டி ஆடுவர். வெங்காயச் சருகிட்டு அவித்து நிறமேற்றிய முட்டைகளை ஒன்றோடொன்று மோதி, உடையாத முட்டைக்காரனை வென்றவனாகக் கொள்வர்.

எமது வாசகனுக்கு உடனே நினைவுக்கு வருவன மருத்துநீர், ஊஞ்சல், போர்த்தேங்காய் என்னும் மூன்றுமாகும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன் இரு மக்களுக்கும் ஆதியில் தொடர்பிருந்தது என முடிவுகட்டும் எழுத்து முறையொன்று எம்மிடையே உண்டு. அம்முறை ஆராய்ச்சிக்கு ஊறு செய்வது. செயல் ஒன்றாயிருக்க, அதன் பொருள் முற்றிலும் வேறாக இருத்தல் கூடும்.

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஊஞ்சல் உயர எழுந்தால் சணற்செடி உயர வளரும், கோடையில் நுளம்பு கடியாது என்பது லாத்விய நம்பிக்கை. அங்கு ஊஞ்சல் இன்னும் வராத வளர்ச்சியை அழைக்கும் செயல். யாழ்ப்பாணத்தில் வேம்பிலும் புளியிலும் கயிறு கட்டிப் பெண்களும் பிள்ளைகளும் ஆடும் ஊஞ்சல் காற்றசையாத இடைக்காலத்தில் வருகிறது. ஊஞ்சலாடுவோர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனர் என்று கொள்வது மிகையாகாது. முட்டைக்கும் தேங்காய்க்கும் இடையிலும் இவ்வேறுபாடு உண்டு. முட்டை குளிரால் உறைந்த நிலத்தில் உயிர் மீளும் என்பதன் குறியீடு. போர்த்தேங்காயோ மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடும், சிங்கள மக்களிடையே 'பொரபொல்' என்னும் பெயரில் பத்தினித் தெய்வ வழிபாட்டோடும் இணைந்தது. நோயும் வெம்மையும் நீங்கவேண்டி இரு கட்சிகளாகப் பிரிந்து ஆடும் சடங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. வடக்கே வெயிலை வருகவென அழைக்கின்றனர். நாம் வெயிலைத் தணிகவென வேண்டுகிறோம். ஒரே சூரியன், வேண்டுதலோ எதிர்மாறானது. லாத்தவியனின் வசந்தத்தை எமது வருடப்பிறப்பில் ஏற்றுவது எவ்வளவு பொருந்தாததோ, காவிய வசந்தத்தை அதில் ஏற்றுவதும் அவ்வளவே பொருந்தாதது.

4. எழுத்தில் இரு வழிகள்

இப்பின்னணியில் ஈழத்து இலக்கிய முயற்சிகள் சிலவற்றை மதிப்பிடலாம். இவ்வகையில் சிறப்பாக நோக்கற்பாலர் தி. சதாசிவ ஐயர். காளிதாசரின் பருவகாலக் காவியத்தை 'இருது சங்கார காவியம்' எனத் தமிழ்ப்படுத்தியவர் அவர். 1940 இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்னும் தொகுப்பை வெளியிட்டவரும் அவரே. வசந்தனின் பெயர் வேனிற் பருவத்தை நினைவூட்டினும், அவ்வாட்டத்துக்குரிய பாடல்களில் தெய்வம் போற்றுவனவும், கதை சொல்வனவும், வேளாண்மை வெட்டைப் பாடுவனவும் அடங்கும். கோலடித்து ஆடும் கால்களின் தாளமே அவற்றின் யாப்பு. ஒரே அறிஞரின் கையில் இரு வசந்தங்களும் வந்து சேர்ந்தன. ஒன்று ஏட்டு வசந்தம். மற்றொன்று களத்து வசந்தம். பாடசாலையும் மேடைக் கவிதையும் முதலாவதன் வழியிலேயே பெரிதும் சென்றன. இரண்டாவது 'நாட்டார் இலக்கியம்' என்னும் தனிப்பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. ஐயர் திறந்துவைத்த இரு கதவுகளுள் ஒன்றையே நாம் பயன்படுத்தினோம்.

ஊஞ்சலுக்கு நேர்ந்ததும் இதற்கு ஒப்பானதே. மரத்தடி ஊஞ்சற் பாட்டு கோயிலை அடைந்து திருவூஞ்சற் பிரபந்தமாயிற்று. யாழ்ப்பாணத்துப் புலவர்கள் தத்தம் ஊர்க் கோயில்களுக்கு ஊஞ்சற் பாக்கள் இயற்றுவதைக் கடனாகவே கொண்டிருந்தனர். சொல்லணியிலும் தலச்சிறப்பிலும் அவை குறைந்தவை அல்ல. ஆயின் மரக்கொம்பு பொற்காலாகவும் கயிறு வயிரவடமாகவும் மாறியபோது, ஆடிய பெண்ணும் அவளது புழுக்கமும் பாட்டிலிருந்து மறைந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு மாறான வழி இல்லாமற் போகவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பாடிய சிறுவர் பாடல், கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் முறையை அரிசி இடித்தல் முதலாகக் காட்டுவது. பண்டிதர் முதல் பாலர் வரை அனைவரும் அதனை மனத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் அணிநலம் அன்று. கண்டதைக் கண்டவாறு சொன்ன திறமே. ஆடிக்குக் கிடைத்த இப்பேறு சித்திரைக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் மஹாகவி (1927–1971) தம் பாநாடகத்துக்குக் 'கோடை' எனப் பெயரிட்டு, அந்நிய ஆட்சிக் காலத்தின் வெம்மையை அச்சொல்லாற் குறித்தபோது, ஈழத்துக் கவிதை தன் வெயிலைத் தானே கண்டுகொண்டது எனலாம். இவ்விரு புலவரும் காட்டிய நெறியே எமது வேனிற் கவிதைக்கு உரிய நெறியாகும்.

இதே காரணத்தால் வருடப்பிறப்பை மாசற்ற ஒற்றுமையின் விழாவாக மட்டும் வருணிக்கும் கட்டுரைகளையும் ஏற்றுக்கொள்ள இயலாது. கைவிசேஷம் வீட்டுத் தலைவனின் கையிலிருந்து மனைவி, மக்களுக்கும், வேலையாளுக்கும், குடிமைத் தொழிலாளருக்கும் இறங்கிவந்தது. அது அன்பின் அடையாளம். அதே வேளையில் யார் கொடுப்பவர், யார் பெறுபவர் என்பதை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏற்பாடுமாகும். சித்திரைக் கஞ்சி வார்க்கப்பட்ட கோயில்கள் பலவற்றின் வாயில் ஒரு பகுதி மக்களுக்கு அடைபட்டிருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைவிற்கொள்ளாது கோயிற் கஞ்சியின் சுவையைப் பாடுவது அரைகுறைத் திறனாய்வாகும். சடங்கை மதித்தல் வேறு. சடங்கின் சமூக அமைப்பை மறைத்தல் வேறு.

5. தொகுப்பின் பிரச்சினை

எழுத்து காணாததை நாட்டார் வழக்காறு கண்டது என்றோம். அவ்வழக்காற்றை நாம் எவ்வாறு பேணியுள்ளோம்? வட்டுக்கோட்டை மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் வட இலங்கைப் பாடல்களைத் திரட்டினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு, மன்னார்ப் பாடல்களைப் பதிப்பித்தார்; கூத்துக்கும் நாட்டார் கலைகளுக்கும் பல்கலைக்கழக மட்டத்தில் மதிப்பைத் தேடித் தந்தார். இவர்களின் பணி இல்லையெனில் இன்று பேசுவதற்கே பொருள் இராது. ஆயினும் எமது தொகுப்புகள் பொதுவாகத் தாலாட்டு, விளையாட்டு, காதல், தொழில், ஒப்பாரி எனப் பொருள்வகையில் அமைந்தவை. இம்முறையில் பாட்டு எந்த மாதத்தில், எந்தக் காற்றில், எந்த வேலையின் நடுவே பாடப்பட்டது என்பது நழுவிவிடுகிறது. ஊஞ்சற் பாட்டு 'விளையாட்டு' ஆகிறது. சித்திரை அதனின்று கழன்று விழுகிறது.

லாத்வியர்களின் அனுபவம் இங்கும் கருதத்தக்கது. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் 1894 தொடக்கம் 1915 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட 'தைனா' என்னும் குறும்பாடற் பெருந்தொகுப்பில் 217,996 பாடல்கள் உள்ளன. அவற்றை அவர் பிறப்பு முதல் இறப்பு வரையான மனித வாழ்வின் ஒழுங்கிலும், ஆண்டின் வேலை, விழா ஆகியவற்றின் ஒழுங்கிலும் நிரற்படுத்தினார். ஒரே பாட்டின் திரிபுகளையும் சேர்த்தே வைத்தார். அதனால் ஒரு மக்களின் நாட்காட்டியே நூலாயிற்று. அவர் பாடற் சீட்டுகளை இட்டுவைத்த இழுப்பறைப் பேழை 2001 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அரசும் ஆட்சியும் பலமுறை மாறிய ஒரு சிறிய மக்களினம் தன் பாடல்களை எவ்வளவு பொறுப்போடு காத்தது என்பதற்கு அப்பேழை சான்று.

எமது நிலை இதற்கு மாறானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அந்நெருப்பு எரித்தது ஏட்டை. பின்வந்த போரோ ஏட்டில் ஏறாத அறிவைச் சிதறடித்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது, ஊஞ்சல் கட்டிய மரமும், போர்த்தேங்காய் அடித்த சந்தியும், நாளேர் பூட்டிய வயலும் ஒரே நாளில் பின்தங்கின. சடங்கு இடத்தோடு ஒட்டியது. இடம் இழந்தவிடத்து அது சில காலம் நினைவாகவும், பின் பெயராகவும் எஞ்சும். இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவர் சித்திரை பிறக்கும்போது பனி உருகும் தெருவில் நிற்கின்றனர். அவர்களுக்குத்தான் காவியம் சொன்ன வசந்தம் மெய்யாகவே வாய்த்திருக்கிறது. ஆனால் குளிர்விக்கும் மருத்துநீர் அங்கு எதைக் குளிர்விக்கும்? பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்கத்தான் செய்வர். 'அது எங்கள் பண்பாடு' என்ற விடை அவர்களுக்குப் போதாது. நிழலற்ற நண்பகலையும் வற்றிய கிணற்றையும் அம்மை கண்ட வீட்டையும் சேர்த்துச் சொன்னாலன்றி மருத்துநீரின் பொருள் விளங்காது.

எனவே, செய்யவேண்டிய பணி தெளிவானது. பங்குனித் திங்கள் முதல் வைகாசி விசாகம் வரையிலான வேனிற் சடங்குகளையும் பாடல்களையும், ஊர், மாதம், தொழில், பாடியோர், ஆடியோர், விலக்கப்பட்டோர் ஆகிய விவரங்களோடு மாத ஒழுங்கில் தொகுத்தல் வேண்டும். தென்மராட்சி, வடமராட்சி, வலிகாமம், தீவகம் என ஒவ்வொரு பகுதியின் வேறுபாடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பூசி மறைக்கப்படாமல் தனித்தனியே பதிவாதல் வேண்டும். மலையகத் தோட்டங்களில் மாசி, பங்குனியில் நிகழும் காமன் கூத்தும், மட்டக்களப்பு வசந்தனும் அவற்றோடு ஒப்பு நோக்கப்படுதல் வேண்டும். இது தனியொருவர் பணியன்று. விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மூதாட்டியின் நினைவையேனும் உரிய விவரங்களோடு எழுதிவந்தால், சில ஆண்டுகளில் அத்தொகுப்பின் அடித்தளம் இடப்பட்டுவிடும். அம்மூதாட்டியர் காத்திருக்கும் காலம் நீண்டதன்று.

கவிஞர்க்கும் இதிற் பயனுண்டு. சித்திரையைப் பாட விரும்பும் இளங்கவிஞர் முதலில் தம் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்க்கட்டும். உச்சிவேளையில் தம் காலடியில் நிழல் ஒடுங்குவதைக் காணட்டும். பனையடியில் நுங்கு சீவும் கையை நோக்கட்டும். அவற்றுக்கிடையே குயிலும் கூவும். அப்போது அக்குயில் எமது குயிலாக இருக்கும்.